பூ வண்டி என்ஜின் பந்தயத்தில் பாய்ந்தது!

கோவை தந்த பந்தயக் காரின் கதை

சத்தியமங்கலம். பொழுது இன்னும் புலரவில்லை.

பூ மார்க்கெட்டில் மட்டும் விளக்குகள் எரிகின்றன. மல்லிகை மொட்டு கூடை கூடையாக வந்து இறங்குகிறது. ஏலம் முடிந்ததும் மூட்டைகள் வண்டி ஏறுகின்றன. அந்த வண்டிகளுக்கு நடுவே ஒரு பழைய ஆம்னி வேன். வெள்ளைச் சாயம் மங்கிவிட்டது. கதவு ஒரு பக்கம் இழுத்தால் ஒரு பக்கம் வருகிறது.

பெரியவர் ஒருவர் வண்டியில் கூடைகளை அடுக்குகிறார். கூட வந்த பேரன் சும்மா இருக்கவில்லை.

"ஏனுங்க அப்பாரு, நம்ம வண்டி ரேஸ் ஓடுமாங்க?"

"ரேஸாவது, கீஸாவது! பூ வாடறதுக்குள்ள கோயமுத்தூர் போயிச் சேந்தாப் போதுஞ் சாமி!"

பெரியவர் சிரித்துக்கொண்டே சாவியைத் திருப்பினார். வண்டி இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை பற்றிக்கொண்டது.

பையன் கேட்டது விளையாட்டுக் கேள்விதான். ஆனால் அதற்கு ஒரு நிஜமான பதில் இருக்கிறது.

ஓடும்! ஓடியும் இருக்கிறது!

அந்த ஆம்னி வேனில் டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு சிறிய என்ஜின் இருக்கிறதே, அதே இன என்ஜினை வைத்துக் கோவையில் ஒருவர் பந்தயக் கார் செய்தார். அந்தக் காரில் ஓட்டிப் பழகிய கோவை இளைஞர் ஒருவர் உலகப் பந்தயத்துக்கே போனார்.

அது எப்படி நடந்தது? இதோ அந்தக் கதை.

"தீப்பெட்டி வண்டி!"

முதலில் என்ஜினின் பூர்வீகத்தைப் பார்ப்போம்.

அது ஜப்பானில் பிறந்தது. செய்தவர்கள் சுசுகி கம்பெனியார். அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'எப் 8 பி'. சின்னக் கார்களுக்காகவே செய்த சின்ன என்ஜின்.

1981-ம் ஆண்டில் இந்திய சர்க்கார் 'மாருதி உத்யோக்' என்ற கம்பெனியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அந்தக் கம்பெனிக்கும் சுசுகிக்கும் ஒப்பந்தம் ஆனது. 1983-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி முதல் மாருதி காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி தம் கையால் எடுத்துக் கொடுத்தார். காரின் விலை ஏறத்தாழ 48 ஆயிரம் ரூபாய்.

அந்நாளில் நம் சாலைகளில் ஓடியவை இரண்டே வகைக் கார்கள் என்று சொல்லலாம். ஒன்று அம்பாசிடர். மற்றொன்று பியட். அம்பாசிடரின் என்ஜின் சுமார் 1,500 சி.சி. பியட்டின் என்ஜின் சுமார் 1,100 சி.சி. புதிதாக வந்த மாருதியின் என்ஜினோ வெறும் 796 சி.சி.

சி.சி. என்றால் என்ன? என்ஜின் ஒரு மூச்சில் எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கும் என்பதற்கான அளவு அது. 1,000 சி.சி. என்பது ஒரு லிட்டர். அதாவது, ஒரு லிட்டர் பால் செம்புகூட நிறையாத அளவுதான் மாருதியின் மூச்சு!

"இது காரா, தீப்பெட்டியா?" என்று கேலி செய்தவர்கள் உண்டு. "நாலு பேர் ஏறினால் மேடு ஏறுமா?" என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு.

ஆனால் அது மேடு ஏறியது. குழந்தைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோனது. 1984-ம் ஆண்டில் அதே என்ஜினோடு வேன் வந்தது. அந்த வேன்தான் பிற்காலத்தில் 'ஆம்னி' என்று பெயர் பெற்றது. ஆம்னி ஆம்புலன்ஸ் ஆயிற்று. காய்கறி வண்டி ஆயிற்று. சத்தியமங்கலத்தில் பூ வண்டியும் ஆயிற்று!

ஒரு வினாடிக்கு 150 வெடி!

இந்த என்ஜினின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

அதில் மூன்று சிலிண்டர்கள். சிலிண்டர் என்றால் இரும்பால் ஆன குழல். ஒவ்வொரு குழலுக்குள்ளும் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. நம் வீட்டுச் சைக்கிள் பம்பில் தண்டு மேலும் கீழும் போய் வருவதைப் போல.

பிஸ்டன் கீழே இறங்கும்போது பெட்ரோல் ஆவி கலந்த காற்றை உறிஞ்சுகிறது. மேலே ஏறும்போது அந்தக் காற்றை நசுக்குகிறது. நசுங்கிய நேரம் பார்த்து ஒரு பொறி விழுகிறது. காற்று குபீர் என்று எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மறுபடி மேலே ஏறும்போது புகையை வெளியே தள்ளுகிறது.

உறிஞ்சு, நசுக்கு, எரி, துப்பு! இந்த நாலு வேலைதான். மறுபடியும் மறுபடியும் இதே.

இந்த என்ஜினில் ஒவ்வொரு குழலின் அகலம் 68.5 மில்லி மீட்டர். பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம் 72 மில்லி மீட்டர். அதாவது மூன்று அங்குலம்கூட இல்லை.

ஆனால் வேகத்தைப் பாருங்கள். என்ஜின் நிமிஷத்துக்கு 6,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 100 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு குழலிலும் எரிப்பு நடக்கிறது. மூன்று குழலும் சேர்ந்தால் வினாடிக்கு 150 எரிப்பு!

நீங்கள் "ஒன்று" என்று எண்ணி முடிப்பதற்குள் 150 வெடிகள்! அந்த ஒரு வினாடியில் ஒவ்வொரு பிஸ்டனும் மேலும் கீழுமாக 14 மீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது.

இத்தனையும் செய்து அது கொடுக்கும் பலம் சுமார் 39 குதிரை சக்தி. குடும்பத்துக்கு அது போதும்.

பந்தயத்துக்குப் போதுமா? அதுதான் கேள்வி.

சீமான்களின் விளையாட்டு

சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி, சோழவரம் என்ற ஊர் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அங்கே ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். யுத்தம் முடிந்தது. விமானங்கள் போய்விட்டன. தளம் மட்டும் கிடந்தது.

1953-ம் ஆண்டில் சென்னையில் மோட்டார் பந்தயச் சங்கம் பிறந்தது. சோழவரம் தளத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பறக்கத் தொடங்கின. பந்தய நாள் வந்தால் சோழவரத்தில் திருவிழாக் கூட்டம்!

பார்க்க வந்தவர்கள் ஏழை, பணக்காரர் எல்லோரும். ஓட்ட வந்தவர்கள்?

கோண்டல் சமஸ்தானத்து இளவரசர் சீமையிலிருந்து 'சர்ட்டீஸ்' பந்தயக் காரைக் கொண்டுவந்து ஓட்டினார். மதுபானத் தொழிலதிபர் விஜய் மல்லையா 'என்சைன்' என்ற பார்முலா ஒன்று காரைக் கொண்டுவந்து ஓட்டினார். அந்தக் கார்கள் சீறிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள்.

அப்படிப்பட்ட கார் ஒன்று வேண்டுமானால் வெளிநாட்டில் வாங்க வேண்டும். கப்பலில் ஏற்ற வேண்டும். வரி கட்ட வேண்டும். எல்லாம் முடிந்து கார் வந்த பிறகுதான் பெரிய தலைவலி. என்ஜினுக்குள் ஒரு வால்வு வளைந்துவிட்டால் போதும். அதைச் செய்யும் கடை இங்கே கிடையாது. சீமைக்குக் கடிதம் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

கையில் திறமை இருந்து பையில் பணம் இல்லாத வாலிபன் என்ன செய்வான்? வேலிக்கு வெளியே நின்று கை தட்டுவான். அவ்வளவுதான்.

முந்திப் பிறந்த கோவைக் கார்

இங்கே கோவையின் பழைய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

கோவைக்காரர்களுக்கு என்ஜின் என்றால் ஒரு மோகம். அந்த மோகத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் ஜி.டி. நாயுடு. கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் 1893-ம் ஆண்டு பிறந்தவர்.

வாலிபராக இருந்தபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரி 'ரட்ஜ்' மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி தானாக ஓடுகிறது! அன்று பிடித்தது ஆசை. கோவைக்கு வந்து ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். காசுக்குக் காசு சேர்த்தார். 300 ரூபாய் சேர்ந்ததும் அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். வாங்கி என்ன செய்தார் தெரியுமா? அக்கு அக்காகக் கழற்றினார். மறுபடியும் பூட்டினார்!

1920-ம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். பிறகு அவருடைய 'யு.எம்.எஸ்.' கம்பெனியின் பஸ்கள் பெரும் படையாகப் பெருகின.

1952-ம் ஆண்டில் அவர் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2 ஆயிரம் ரூபாய்தான் என்றார். நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டக்கூடிய கார்!

ஆனால் அந்தக் காரை உற்பத்தி செய்ய சர்க்கார் லைசென்ஸ் தரவில்லை. மாதிரிக் காரோடு அந்தக் கனவு நின்றது. 31 வருஷம் கழித்துத்தான் மாருதி வந்தது.

ஒரு மாதிரிக் கார் நல்ல காராக இருப்பது மட்டும் போதாது. அதைப் போல இன்னொன்று, மற்றொன்று என்று பெருக வேண்டும். அப்போதுதான் அதனால் ஊருக்குப் பயன். நாயுடுவின் காருக்கு அந்தக் கொடுப்பினை இல்லாமல் போயிற்று.

பிற்பாடு அதே கோவையில் இன்னொருவர் ஒரு மாதிரிக் காரைச் செய்தார். அதற்கு அந்தக் கொடுப்பினை கிட்டியது.

வந்தார் கரிவரதன்!

அவர் பெயர் எஸ். கரிவரதன். நண்பர்களுக்கு 'கரி'. கோவையில் நூற்பாலைக் குடும்பத்தில் பிறந்தவர். வசதிக்குக் குறைவில்லை. தாமே நல்ல பந்தய வீரர்.

அவர் நினைத்திருந்தால் சீமைக் காரை ஓட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அவருக்கு வேறு யோசனை. பந்தயக் காரை நாமே செய்தால் என்ன?

பந்தயக் கார் செய்வதில் எது கஷ்டம்? சட்டத்தை இரும்புக் குழாய்களைக் கொண்டு பற்ற வைத்துவிடலாம். மேல் மூடியைப் பைபர் கிளாசில் வார்த்துவிடலாம். சக்கரம், டயர் கிடைக்கும். கஷ்டமெல்லாம் என்ஜினில்தான். புது என்ஜின் ஒன்றை உருவாக்கப் பெரிய தொழிற்சாலையும் பல வருஷமும் வேண்டும். சீமை என்ஜினோ கட்டுபடி ஆகாது.

அப்படியானால் நம் ஊர்ச் சந்தையில் எந்த என்ஜின் தாராளமாகக் கிடைக்கிறது? எந்த என்ஜினுக்கு மூலைக்கு மூலை மெக்கானிக் இருக்கிறார்? எந்த என்ஜினின் உதிரி பாகம் தெருக் கடையில் கிடைக்கிறது?

எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்: மாருதி!

1988-ம் ஆண்டில் கரிவரதனின் கார் வந்தது. ஒருவர் மட்டும் உட்காரும் கார். கூரை கிடையாது. கதவு கிடையாது. சக்கரங்கள் உடலை விட்டு வெளியே நிற்கும். ஓட்டுகிறவர் ஏறக்குறைய படுத்த நிலையில் உட்கார வேண்டும். அவர் முதுகுக்குப் பின்னால் அந்த 796 சி.சி. என்ஜின்!

காருக்கு வைத்த பெயர் 'பார்முலா இந்தியா சிங்கிள் சீட்டர் மாருதி என்ஜின்'. இவ்வளவு நீளமான பெயரை யார் சொல்வது? 'பார்முலா மாருதி' என்று எல்லோரும் சுருக்கிக்கொண்டார்கள்.

என்ஜின் ஏன் பின்னால் போனது?

மாருதி காரில் என்ஜின் முன்னால் இருக்கிறது. முன் சக்கரங்களைத்தான் அது உருட்டுகிறது. என்ஜின், கியர் பெட்டி எல்லாம் ஒரே கொத்தாக இருக்கும். அந்தக் கொத்தை அப்படியே தூக்கிப் பின்னால் வைத்தால் பின் சக்கரங்கள் உருளும்.

இதனால் என்ன லாபம்? மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். பாரம் எங்கே உட்கார வேண்டுமோ அங்கே உட்கார்ந்தால்தான் வண்டி ஒழுங்காக ஓடும்.

காரிலும் அதே கதைதான். உருட்டுகிற சக்கரத்தின் மேல் பாரம் உட்கார்ந்தால் சக்கரம் தரையை இறுகப் பிடிக்கும். வழுக்காமல் பாயும். முன்பக்கம் என்ஜின் இல்லாததால் மூக்கைக் கூராகவும் தாழ்வாகவும் அமைக்கலாம். காற்று தடுக்காது. ஓட்டுகிறவர் தரையோடு தரையாக உட்காரலாம். வளைவில் கார் சாயாது.

பாரமும் குறைகிறது. ஒரு கணக்குப் போடுவோம். மாருதி கார் சுமார் 650 கிலோ. 39 குதிரை இழுக்கிறது. ஒரு குதிரைக்குச் சுமார் 17 கிலோ சுமை. கூரை, கதவு, பின் சீட்டு, கண்ணாடி எல்லாவற்றையும் கழித்து ஒரு காரை 450 கிலோவுக்குக் கொண்டுவந்தோம் என்று வையுங்கள். ஒரு குதிரைக்கு 12 கிலோவுக்கும் குறைந்த சுமைதான். என்ஜின் அதே என்ஜின். வண்டி மட்டும் துள்ளும்!

நம் பக்கத்து ரேக்ளா வண்டியைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பார வண்டியில் பூட்டினால் நடக்கிற மாடு, ரேக்ளாவில் பூட்டினால் பறக்கிறதே!

தீயணைக்கும் பம்பு ஓடிய பந்தயம்

எளிய என்ஜினைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தவர்கள் கடல் கடந்த நாட்டிலும் உண்டு.

இங்கிலாந்தில் கூப்பர் என்று ஒரு தகப்பனும் மகனும் இருந்தார்கள். தகப்பன் சார்லஸ். மகன் ஜான். மோட்டார் ரிப்பேர்ப் பட்டறை வைத்திருந்தார்கள். யுத்தம் முடிந்த சமயம். எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. 1946-ம் ஆண்டில் அவர்கள் பழைய பியட் சின்னக் கார்களின் முன் பாகங்கள் இரண்டை எடுத்து, ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் வைத்து இணைத்தார்கள். ஓட்டுகிறவருக்குப் பின்னால் 500 சி.சி. மோட்டார் சைக்கிள் என்ஜினை வைத்தார்கள். மோட்டார் சைக்கிள் சங்கிலி பின் சக்கரத்தைத்தானே இழுக்கும்? அதனால் என்ஜினும் பின்னால் போயிற்று. அந்தச் சின்னக் காரில் ஓட்டிப் பெயர் எடுத்தவர்தான் பிரபல வீரர் ஸ்டிர்லிங் மாஸ்.

இன்னொரு அதிசயம் கேளுங்கள். 1950-ம் ஆண்டில் இங்கிலாந்தில் 'கவன்ட்ரி கிளைமாக்ஸ்' கம்பெனியார் தீயணைக்கும் பம்புக்காக ஒரு என்ஜின் செய்தார்கள். தீயணைப்பு வீரர்கள் கையில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் அல்லவா? அதனால் லேசாகச் செய்தார்கள். அளவு 1,020 சி.சி. பலம் 38 குதிரை.

"இவ்வளவு லேசாக, இவ்வளவு பலமாக ஒரு என்ஜினா?" என்று பந்தயக்காரர்கள் வாய் பிளந்தார்கள். பம்பு என்ஜினைத் திருத்திப் பந்தய என்ஜின் ஆக்கினார்கள். அதே கம்பெனியார் பிறகு பந்தயத்துக்கென்றே பெரிய என்ஜின்களும் செய்தார்கள். அவற்றில் ஒன்றைப் பின்னால் வைத்த கூப்பர் காரில் மாஸ் 1958-ம் ஆண்டு அர்ஜென்டினாவில் ஜெயித்தார். 1959-லும் 1960-லும் ஜாக் பிரபாம் கூப்பர் காரில் உலகச் சாம்பியன் ஆனார். அதன் பிறகு உலகப் பந்தயக் கார்கள் எல்லாவற்றிலும் என்ஜின் பின்னால் போய்விட்டது!

தண்ணீர் இறைக்கும் பம்பைச் செய்து பேர் வாங்கிய ஊர் கோவை. அந்த ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக் கார் என்ஜினைப் பந்தயத்துக்குக் கொண்டுபோனது பொருத்தம்தானே?

எல்லோருக்கும் ஒரே குதிரை

பார்முலா மாருதியின் பெரிய நன்மை வேகத்தில் இல்லை. சீமைக் கார்களோடு ஒப்பிட்டால் அது மெதுவான வண்டிதான்.

எல்லோருக்கும் ஒரே கார், ஒரே என்ஜின் என்பதுதான் அதன் நன்மை. பத்துப் பேர் பந்தயத்தில் இறங்கினால் பத்துப் பேருக்குக் கீழேயும் அதே 796 சி.சி. "அவன் கார் உசத்தி, என் கார் மட்டம்" என்று சாக்குச் சொல்ல முடியாது. வளைவில் எவன் சரியாகத் திருப்புகிறான், எவன் பிரேக்கைத் தாமதமாகவும் தைரியமாகவும் அழுத்துகிறான், அவன்தான் முந்துவான்.

பலம் குறைந்த காரில் இன்னொரு பாடமும் உண்டு. பலமான காரில் வளைவில் தப்புச் செய்தாலும் நேர்ச் சாலையில் மிதித்துச் சமாளித்துவிடலாம். சின்ன என்ஜினில் அது முடியாது. இழந்த வேகம் இழந்ததுதான். ஆகையால் ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைச் சிந்தாமல் கொண்டுபோகக் கற்றாக வேண்டும். சிக்கனமாகக் குடும்பம் நடத்துவதைப் போல!

என்ஜின் கெட்டால் சீமைக்குக் கடிதம் போட வேண்டாம். உள்ளூர்க் கடைக்குப் போனால் போதும். வேலிக்கு வெளியே நின்று கை தட்டிய வாலிபர்களில் சிலராவது வேலிக்கு உள்ளே வந்தார்கள்.

1990-ம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே புதுத் தளம் திறந்தார்கள். பார்முலா மாருதிகள் அங்கே அணி வகுத்தன.

மூன்று குழலிலிருந்து பத்துக் குழலுக்கு

அப்படி உள்ளே வந்தவர்களில் ஒருவர் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். 1977-ம் ஆண்டு பிறந்தவர். தகப்பனார் ராலிப் பந்தயங்களில் பல முறை வென்றவர். பையனுக்கும் அந்தக் கிறுக்கு தொற்றிக்கொண்டது.

அவர் பந்தயத்தில் முதலில் ஓட்டிய கார் எது? பார்முலா மாருதி!

பிறகு பிரான்சு தேசத்துப் பந்தயப் பள்ளியில் பயிற்சி. அப்புறம் இங்கிலாந்து. ஒவ்வொரு படியாக ஏறினார். 2005-ம் ஆண்டு மார்ச் 6-ந் தேதி ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் பார்முலா ஒன்று உலகப் பந்தயம். 'ஜோர்டான்' அணியின் காரில் நரேன் வந்து நின்றார். அந்தப் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் அவர்தான்!

அன்று அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த டொயோட்டா என்ஜினுக்குப் பத்துக் குழல். 3,000 சி.சி. நிமிஷத்துக்கு 18 ஆயிரம் சுற்றையும் தாண்டிச் சுற்றும். ஆனால் உறிஞ்சு, நசுக்கு, எரி, துப்பு என்ற அந்த நாலு வேலையில் மாற்றமில்லை. பூ வண்டி என்ஜின் சொல்லிக்கொடுத்த அதே பாடம்தான்!

அதே ஆண்டு ஜூன் 19-ந் தேதி அமெரிக்காவில் நடந்த பந்தயத்தில் அவர் நான்காவதாக வந்தார். அன்று டயர் தகராறால் பல அணிகள் விலகிக்கொண்டன. ஆறே கார்கள்தான் ஓடின. இருந்தாலும் புள்ளி புள்ளிதான். உலகப் பந்தயத்தில் புள்ளி எடுத்த முதல் இந்தியர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. 2010-ம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

ஆனால் அவர் பார்க்கவில்லை

இந்தக் காட்சியைப் பார்க்கக் கரிவரதன் இல்லை.

1995-ம் ஆண்டில் சின்னஞ்சிறு விமானம் ஒன்றில் பறந்தபோது விபத்து நேர்ந்தது. கரிவரதன் இறந்துபோனார். நாற்பது வயதைச் சற்றே தாண்டியவர். கோவை கலங்கியது.

அவர் கண்ணை மூடிப் பத்து வருஷம் ஆகுமுன் நரேன் மெல்போர்னில் நின்றார்.

அவர் வழியில் வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 2003-ம் ஆண்டில் கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் ஒரு பந்தயத் தளம் திறந்தது. அதற்கு 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று அவர் பெயரையே வைத்தார்கள். பார்முலா மாருதியின் இடத்தில் இன்னும் பலமான கார்கள் வந்தன. கோவையின் எல்.ஜி.பி. கம்பெனியார் பெயரில் ஓடும் 'எல்.ஜி.பி. பார்முலா 4' கார் அவற்றில் ஒன்று. அதற்குள் இருப்பதும் சுசுகி குடும்பத்து என்ஜின்தான். அளவு 1,300 சி.சி. நம் ஊர்க் கார் என்ஜினை எடு, பின்னால் வை, பையன்களை ஓட்டவிடு என்ற கரிவரதனின் சூத்திரம் மாறவே இல்லை.

நாயுடுவின் 1952-ம் ஆண்டுக் கார் மாதிரியோடு நின்றது. அவர் தொடங்கிவைத்த என்ஜின் மோகம் நிற்கவில்லை. அவர் பெயரால் நடக்கும் அறக்கட்டளையின் கார் காட்சிசாலை 2015-ம் ஆண்டு முதல் கோவை அவினாசி சாலையில் இருக்கிறது. கோவைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்க் காட்டலாம்.

பூ வாடுவதற்குள்…

மாருதி 800 காரின் உற்பத்தி 2014-ம் ஆண்டு ஜனவரியில் நின்றது. ஆம்னி வேனின் உற்பத்தி 2019-ல் நின்றது. அந்த 'எப் 8 பி' என்ஜின் இனி புதிதாகப் பிறந்து வரப்போவதில்லை.

ஆனால் பிறந்தவை இன்னும் உழைக்கின்றன. சத்தியமங்கலத்திலிருந்து பண்ணாரி தாண்டித் திம்பம் மலைக்குப் போகும் சாலையில் ஒரு நாள் நின்று பாருங்கள். 27 கொண்டை ஊசி வளைவுகள். பாரம் ஏற்றிய பழைய ஆம்னி ஒன்று முதல் கியரில் முக்கி முனகி ஏறி வரும். வேகமோ நடை வேகம்தான். ஆனால் உள்ளே என்ஜின் உச்சக் குரலில் பாடிக்கொண்டிருக்கும். பந்தயத் தளத்தில் பாடிய அதே குரல்!

பந்தயக் காரில் அது பிடிக்க முயன்றது முன்னால் போகிறவனை. பூ வண்டியில் அது ஜெயிக்க வேண்டியது ஏறி வரும் வெயிலை. மொட்டு மலர்ந்துவிட்டால் விலை போச்சு. சத்தியமங்கலத்திலிருந்து கோவை 70 கிலோ மீட்டர். ஒரு குடும்பத்தின் அன்றைய அடுப்பு அந்த ஓட்டத்தில் இருக்கிறது.

அந்தப் பேரப் பையனை மறுபடி பார்த்தால் சொல்ல வேண்டும்:

"தம்பி, உன் அப்பாருவின் வண்டி ரேஸ் ஓடுமா என்று கேட்டாயே! தினமும் விடியற்காலையில் அது ரேஸ்தான் ஓடுகிறது. அதன் உடன்பிறப்பு ஒன்று பந்தயத் தளத்திலும் ஓடியது. நம் கோயமுத்தூர்க்காரர் ஒருவர்தான் ஓடவைத்தார்!"